மார்பைத் திரும்ப வைக்கிற ஆபரேஷனுக்கு எப்ப டேட் வாங்குறது? என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்க

எனக்கு இப்ப 34 வயசு, வீடு தண்டையார்பேட்டை. 31 வயசுல இடது மார்புல கட்டி, கேன்சர்னு சொல்லி மார்பையே எடுத்துட்டாங்க, அப்புறம் கீமோ, அப்புறம் ரேடியேஷன், இப்ப தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை. ரேடியேஷன் முடிஞ்சு 14 மாசம் கழிச்சு வயித்துச் சதையை எடுத்து மார்பு வச்சுக்கிட்டேன். அதுல இருந்து ஓபி வரிசையில உக்காந்திருக்குற பொண்ணுங்க, தெரிஞ்சவங்களோட தங்கச்சிங்க, யாரோ நம்பர் குடுத்து கூப்புடுறவங்கன்னு எல்லாரும் சுத்தி சுத்தி இதே கேள்விங்களைத்தான் கேக்குறாங்க, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன். நான் டாக்டர் இல்ல, கணக்கு எழுதுற வேலை பாக்குறவ. உங்க ரிப்போர்ட்டைப் பாத்து உங்க டாக்டர் சொல்றதுதான் உங்களுக்கு.

கேன்சர் ட்ரீட்மென்ட் முடிஞ்சு எவ்ளோ நாள் கழிச்சு பண்ணலாம்?

மார்பு எடுக்குற அன்னைக்கே சேத்து வைக்கிறதும் உண்டு, பிற்பாடு தனியா பண்றதும் உண்டு. எனக்கு முதல்லயே பண்ணல, ஏன்னா ரேடியேஷன் வரப்போகுதுன்னு தெரிஞ்சிருந்துச்சு. அந்தக் கதிர் படுற இடத்துல தோலு இறுகிப்போயிடும், ரத்த ஓட்டம் கொறஞ்சுடும், புதுசா வச்ச சதையும் சுருங்கிடலாம்னு சொல்லி தள்ளி வச்சாங்க.

பொதுவா டாக்டருங்க சொல்ற கணக்கு என்னன்னா கீமோ முடிஞ்சா நாலுல இருந்து ஆறு வாரம், ரத்த அணுக்கள் எல்லாம் ஏறி வரணும். ரேடியேஷன் முடிஞ்சா ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம். தோலு கறுப்பு போயி கொஞ்சம் மெத்துனு ஆகுற வரைக்கும்னு வச்சுக்கங்களேன். என் பிளாஸ்டிக் சர்ஜன் ஒவ்வொரு தடவையும் ரெண்டு விரலால அந்த இடத்தைக் கிள்ளிப் பாப்பாரு, "இன்னும் இல்லம்மா, ரெண்டு மாசம் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பிடுவாரு, எனக்கு அழுகையா வரும். இப்ப யோசிச்சா அவரு அனுப்புனதுதான் சரி.

மூணு வாரத்துக்கு ஒரு தடவ ட்ராஸ்டுசுமாப்னு ஒரு கேன்சர் ஊசி (ஹெர்2 பாசிட்டிவ்னு வந்தவங்களுக்குப் போடுறது) போட்டுக்கிறவங்களுக்கு அந்த ஒரு வருஷமும் முடியணும்னு கட்டாயம் இல்ல, ரெண்டு ஊசிக்கு நடுவுல பண்றதும் உண்டு, ஆனா எக்கோ எடுத்து இதயம் நல்லாருக்கான்னு பாத்துட்டுதான் பண்ணுவாங்க.

அஞ்சு வருஷம் ஆயிடுச்சு. இனிமே முடியாதா?

முடியும். பத்து வருஷம் கழிச்சும் பண்ணிக்கிறாங்க. இதுக்கு கடைசி தேதின்னு ஒண்ணு கெடயாது.

வச்சுக்கிட்டா கேன்சர் திரும்பி வருமா? வந்தாலும் உள்ள மறைஞ்சுக்குமா?

இந்த ஆபரேஷனால கேன்சர் திரும்பி வர்ற சான்ஸ் கூடுறதில்ல, வந்தா கண்டுபுடிக்கிறதும் லேட் ஆகுறதில்லன்னு நெறைய வருஷமாப் பாத்துட்டாங்க. செக்கப்பை மட்டும் நிறுத்தாதீங்க.

எந்த மாதிரி ஆபரேஷன்னு முடிவு பண்றதுக்கும் டேட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நெறைய இருக்கு. ஒரே ஒரு டேட்டு வாங்குறோம்னு நெனச்சுதான் போவோம், ஆனா சிலதுக்கு ஒரு டேட்டு பத்தாது.

சிலிக்கான் இம்பிளான்ட் வைக்கிறதுன்னா பல பேருக்கு முதல்ல எக்ஸ்பாண்டர்னு ஒரு பை மாதிரி வைப்பாங்க, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணோ ரெண்டு வாரத்துக்கு ஒண்ணோ போயி அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா உப்புத்தண்ணி ஏத்தணும், தோலு விரிஞ்சதும் சில மாசம் கழிச்சு ரெண்டாவது ஆபரேஷன்ல அதை எடுத்துட்டு இம்பிளான்ட் வைப்பாங்க. ஆபரேஷன் சின்னது, ஆனா அலைச்சல் ஜாஸ்தி. எண்ணூர்லயோ மணலியிலயோ இருந்துக்கிட்டு அந்த கன்டெய்னர் லாரிங்க நடுவுல வாரா வாரம் வந்து போறதையும் கணக்குல சேத்துக்கங்க. ரேடியேஷன் பட்ட இடத்துல இம்பிளான்ட் வச்சா சுத்தி இறுகிப்போயி வலிக்கிற வாய்ப்பு அதிகம், அதனால எங்களை மாதிரி ஆளுங்களுக்கு சொந்த சதையைத்தான் அதிகமா சொல்றாங்க.

சொந்த சதையில முதுகுல இருந்து எடுக்குறது எல்டி ஃப்ளாப். அந்தச் சதையை ரத்தக்குழாயோடயே முன்பக்கம் திருப்பிக் கொண்டு வருவாங்க. அடிவயித்துல இருந்து எடுக்குறதுல ட்ராம், டீப்னு ரெண்டு வகை. டீப்ல வயித்துத் தசையை விட்டுட்டு தோலு, கொழுப்பு, ரத்தக்குழாய் மட்டும் எடுத்து மேல நெஞ்சுல இருக்குற குழாயோட மைக்ராஸ்கோப் வச்சு தைக்கிறாங்க, சேமியா கனம் இருக்கும் அந்தக் குழாய். எனக்கு இதுதான். காலையில எட்டு மணிக்கு உள்ள போனவ வெளிய வர்றப்ப சாயந்தரம் அஞ்சு தாண்டிடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு நாள் மணிக்கு ஒரு தடவ நர்ஸ் வந்து கலர் பாக்குறது, தொட்டு சூடு பாக்குறது, தூக்கமே கெடயாது. ஆஸ்பத்திரியில மொத்தம் ஆறு நாள் இருந்தேன்.

டேட் வாங்குறதுக்கு முன்னாடி கண்டிப்பா முடிவு பண்ண வேண்டியது ஏதாவது இருக்கா?

இருக்கு. இதை மட்டும் நிதானமாப் படிங்க. அடிவயித்துச் சதையை வாழ்நாள்ல ஒரு தடவதான் எடுக்க முடியும்.

ஏன் இதைச் சொல்றேன்னா, நம்ம மாதிரி சின்ன வயசுலயே வந்தவங்களுக்கு கேன்சர் பரம்பரையா வர்றதான்னு பாக்குற பிஆர்சிஏ ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க. அதுல பாசிட்டிவ்னு வந்தா சிலர் அந்தப் பக்கத்து மார்பையும் முன்கூட்டியே எடுத்துடுறாங்க. இப்ப வயித்துச் சதை மொத்தத்தையும் ஒரு பக்கத்துக்கு வச்சு முடிச்சுட்டீங்க, ஆறு மாசம் கழிச்சு ரிசல்ட் வருது, இன்னொரு பக்கமும் எடுக்கணும்னு முடிவு பண்றீங்கன்னா அதுக்கு வைக்க வயித்துல ஒண்ணும் இருக்காது. முன்னாடியே தெரிஞ்சா அதே சதையை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல வைக்கலாம். அதனால டெஸ்ட் ரிசல்ட் கைக்கு வந்தப்புறம்தான் டேட். எனக்கு நெகட்டிவ், ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் டேட் கேக்கவே இல்ல.

அடுத்தது குழந்தை. ஹார்மோன் மாத்திரை சாப்புடுறப்ப கர்ப்பம் ஆகவே கூடாது, அந்த மாத்திரை அஞ்சுல இருந்து பத்து வருஷம் வரைக்கும் போகும். 2023ல வந்த 'பாசிட்டிவ்'ங்கிற பேர்ல ஒரு ஆராய்ச்சியில ஒன்றரை வருஷத்துல இருந்து ரெண்டரை வருஷம் வரைக்கும் மாத்திரை சாப்பிட்ட பொண்ணுங்க டாக்டர் மேற்பார்வையில அதிகபட்சம் ரெண்டு வருஷம் நிறுத்திட்டு குழந்தைக்கு முயற்சி பண்ணாங்க, இதுவரைக்கும் பாத்த காலத்துக்குள்ள நோய் திரும்புறது கூடலன்னு வந்திருக்கு. அதனால "உனக்கு இனிமே குழந்தையா"ன்னு யாராவது இழுத்தா அவங்க பேச்சை விட்டுட்டு ஆன்காலஜிஸ்ட்கிட்ட நேராக் கேளுங்க. வயித்துல இருந்து சதை எடுத்தப்புறமும் குழந்தை பெத்துக்கிட்டவங்க இருக்காங்க, ஆனா தழும்பு நல்லா ஆறணும், பொதுவா ஒரு வருஷமாவது இடைவெளி விடச் சொல்றாங்க. ஆக குழந்தை முதல்லயா ஆபரேஷன் முதல்லயான்னு புருஷனும் பொண்டாட்டியும் உக்காந்து பேசிட்டு சர்ஜன்கிட்ட வாயைத் திறந்து சொல்லணும், அவரா கேப்பாருன்னு காத்திருக்காதீங்க. என்கிட்ட யாரும் கேக்கல.

மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே ஆபரேஷன் பண்ணிக்கலாமா?

என் முதல் டேட்டு கேன்சல் ஆனதே இதனாலதான். நான் சாப்புடுற ஹார்மோன் மாத்திரை டமாக்சிஃபென், அது ரத்தம் உறையுற வாய்ப்பைக் கூட்டும். சதையோட குழாயைத் தைக்கிற ஆபரேஷன்ல அந்தச் சின்னக் குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சுட்டா வச்ச சதை செத்துடும், அதனால நெறைய சர்ஜனுங்க ரெண்டுல இருந்து நாலு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்றாங்க. எனக்கு ஆன்காலஜி ஒரு ஆஸ்பத்திரி, பிளாஸ்டிக் சர்ஜரி இன்னொரு ஆஸ்பத்திரி, இவங்க சொல்லியிருப்பாங்கன்னு அவங்களும் அவங்க சொல்லியிருப்பாங்கன்னு இவங்களும். அட்மிஷன் போட்டு, தங்கச்சி பரங்கிமலையில இருந்து லீவு போட்டுட்டு வந்து, நான் கவுன் மாட்டி உக்காந்தப்புறம் மயக்க மருந்து டாக்டர் மருந்து சீட்டைப் பாத்து "இதை எப்ப நிறுத்துனீங்க"ன்னு கேட்டாரு. நேத்து நைட்டு கூட சாப்பிட்டேன் சார்னேன். அவ்ளோதான், பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டோம், அடுத்த டேட்டுக்கு மூணு மாசம்.

தயவுசெஞ்சு நீங்களா நிறுத்திடாதீங்க, அது அதைவிட மோசம். என்னைக்கு நிறுத்தணும், என்னைக்குத் திரும்ப ஆரம்பிக்கணும்னு ரெண்டு டாக்டர்கிட்டயும் ஒரே சீட்டுல எழுதி வாங்குங்க. சக்கரை மாத்திரை, ஆஸ்பிரின், சித்த மருந்து, அந்த லேகியம் இந்த லேகியம் எது சாப்பிட்டாலும் சொல்லிடுங்க.

உடம்பை எப்படி ரெடி பண்றது?

கீமோக்கு அப்புறம் எனக்கு ஹீமோகுளோபின் 9தான். டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை குடுத்தாரு, எங்க அத்தை வாரத்துக்கு ரெண்டு நாள் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி மிளகு போட்டு வறுத்துக் குடுத்தாங்க, முருங்கைக்கீரை தனி. சக்கரை இருந்தா கட்டுக்குள்ள வரணும், இல்லன்னா புண்ணு ஆறாது. புகையில நிகோட்டின் இருக்கு, அது ரத்தக்குழாயைச் சுருக்கும், அதனால நாலு வாரமாவது முன்னாடி நிறுத்தியாகணும். பொண்ணுங்க எங்க புடிக்கிறோம்னு சொல்லுவீங்க, ஹான்ஸ் போடுறவங்க, வெத்தலையோட புகையிலை போடுறவங்க நம்ம தெருவுலயே எத்தன பேரு? அதுவும் அதே நிகோட்டின்தான். பக்கத்துல உக்காந்து பீடி புடிக்கிற வீட்டு ஆம்பளைங்களையும் கொஞ்ச நாளைக்கு வெளிய அனுப்புங்க.

வடசென்னையிலயே பண்ணிக்க முடியுமா?

ஸ்டான்லியில பிளாஸ்டிக் சர்ஜரி டிபார்ட்மென்ட் இருக்கு. கை அறுவைச் சிகிச்சைக்கு நாடு பூரா பேர் வாங்குன இடம் அது, அறுந்துபோன விரலைக் குழாய் சேத்துத் தைக்கிறவங்க. மிஷின்ல கை குடுத்துட்டு அங்க ஓடாத ஆளு நம்ம ஏரியாவுல உண்டா? சென்ட்ரல் எதிர்ல ஜி.ஹெச்.ல, கீழ்ப்பாக்கத்துல எல்லாம் இந்த டிபார்ட்மென்ட் உண்டு. 2021ல மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்தப்புறம் தண்டையார்பேட்டையில ஏறுனா நேரா சென்ட்ரல்ல இறங்கிடலாம், ட்ரெயின் மாற வேணாம், கொருக்குப்பேட்டை கேட்டுல நிக்க வேணாம், புண்ணோட ஆட்டோவுல குலுங்கவும் வேணாம்.

எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் பிளாஸ்டிக் சர்ஜரி ஓபியில மூணு கேள்வி கேளுங்க: இந்த ஆபரேஷன் இங்க வழக்கமா பண்றீங்களா, எந்த வகை பண்றீங்க, உங்க யூனிட்டுக்கு ஆபரேஷன் தியேட்டர் எந்தக் கிழமை. பெரிய ஆஸ்பத்திரியில ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனி தியேட்டர் நாள் இருக்கும், அதுல ஆக்சிடென்ட், தீக்காயம்னு அவசரக் கேஸ் வந்தா நம்மளது தள்ளிப்போகும். கோவப்பட்டுப் பிரயோஜனம் இல்ல, நம்ம கேஸ் ஒரு வாரம் தாங்கும், அது தாங்காது.

செலவு? இன்சூரன்ஸ்ல "அழகு ஆபரேஷன்"னு தள்ளிடுவாங்களாமே?

அப்படித் தள்ள வந்தா விடாதீங்க. இன்சூரன்ஸ் கம்பெனிங்களைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ வச்சிருக்குற விதிப்படி பிளாஸ்டிக் சர்ஜரிக்கு பாலிசியில பணம் இல்லன்னு போட்டிருந்தாலும் விபத்து, தீக்காயம், கேன்சர் இந்த மூணுக்கு அப்புறம் பண்ற சீரமைப்புக்கு அந்தத் தடை கெடயாது. பாலிசி பேப்பர்ல எக்ஸ்குளூஷன் 08னு இருக்கும், அந்த வரியை விரல் வச்சுக் காட்டுங்க. டாக்டர் லெட்டர்ல "கேன்சருக்காக மார்பு எடுத்ததைத் தொடர்ந்து செய்யும் சீரமைப்பு"ன்னு தெளிவா இருக்கணும், வெறுமனே பிளாஸ்டிக் சர்ஜரின்னு எழுதியிருந்தா அங்கதான் மாட்டும். அட்மிஷனுக்கு முன்னாடியே அனுமதி வாங்கிடுங்க.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும், ஆனா ஒவ்வொரு ஆபரேஷனும் லிஸ்டுல இருக்கணும். ஆபரேஷன் பேரை டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு ஆஸ்பத்திரியில இருக்குற காப்பீட்டு கவுண்டர்ல கேட்டுட்டுதான் டேட்டை உறுதி பண்ணணும். அட்டையே இல்லன்னா வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாரோட பீச் ஸ்டேஷன் பக்கத்துல கலெக்டர் ஆபீஸ்.

மாசம் 21,000க்குள்ள சம்பளம் வாங்குற கம்பெனி வேலைன்னா ஈஎஸ்ஐ இருக்கும். சாதாரணமா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீதம் சம்பளம் குடுப்பாங்க, கேன்சர் மாதிரி நீண்ட நாள் நோய்க்கு 80 சதவீதம், அதிகபட்சம் 2 வருஷம் வரைக்கும் நீட்டிக்கலாம். இதுக்கு ரெண்டு வருஷமாவது வேலையில இருந்திருக்கணும், சந்தாவும் ஒழுங்காக் கட்டியிருக்கணும். கேன்சர் ட்ரீட்மென்ட் சமயத்துலயே எத்தன நாள் எடுத்துட்டோம், இன்னும் எத்தன நாள் பாக்கின்னு எண்ணிட்டு டேட் வாங்குங்க. நான் எண்ணல, கடைசி மூணு வாரம் சம்பளம் இல்லாமதான் ஓடுச்சு.

எந்த மாசம் நல்லது?

எங்க அத்தை "ஆடியில வேணான்டி, அஷ்டமி நவமி பாக்காத டாக்டரு இன்னா டாக்டரு"ன்னு ஒரே பிடி. தியேட்டர் லிஸ்டுக்கு அஷ்டமி தெரியாது அத்தைன்னு சொன்னேன். கடைசியில திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கிட்டு சமாதானம் ஆனாங்க. பெரியவங்க மனசையும் பாத்துக்கணும்தான், ஆனா அதுக்காகக் கெடைச்ச டேட்டை விட்டுடாதீங்க.

நான் பாக்கச் சொல்றது வேற. அக்னி நட்சத்திர வெயில்ல அந்த இறுக்கமான பிராவையும் வயித்து பெல்ட்டையும் ராப்பகலாப் போட்டுக்கிட்டு, கரென்ட்டும் போச்சுன்னா வேர்த்து வேர்த்து தையல் ஓரமெல்லாம் அரிச்சுடும். ஐப்பசி கார்த்திகையில மழை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கம் இருக்குறவங்களுக்கு நான் சொல்லணுமா? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு முழங்கால் தண்ணியில நின்னோமே, அந்தத் தண்ணி ஆறாத புண்ணுல பட்டா என்ன ஆகும்னு யோசிங்க. தை, மாசிதான் என் ஓட்டு.

காசிமேட்டுல இருந்து ஒரு தங்கச்சி கேட்டா, "அக்கா, தடைக்காலத்துல பண்ணிக்கிட்டா அவரு வீட்டுல இருப்பாரு, ஆனா வெயிலாச்சே"ன்னு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, பாத்துக்க ஆளு இருக்கும், கையில காசு இருக்காது. நான் ஆளு இருக்குறதுதான் முக்கியம்னு சொன்னேன், ஃபேன் ஒண்ணு கூட வாங்கிக்கலாம். மே மாசம் பண்ணிக்கிட்டா, அவங்க வீட்டுக்காரர் சமைச்ச மீன் குழம்பு பத்தி இன்னும் சொல்லிச் சிரிக்கிறா.

வீட்டுல என்ன ஏற்பாடு பண்ணணும்?

தண்ணி. முதல்ல தண்ணி. ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக்கூடாது, பம்பு அடிக்கக்கூடாது, மாவு ஆட்டி கிரைண்டர் குழவியை எடுக்கக்கூடாது, ரெண்டு வயசுக் குழந்தையைத் தூக்கி இடுப்புல வைக்கக்கூடாது. லாரி வந்தா யாரு புடிப்பாங்கன்னு ஆளு பேரு சொல்லி முடிவு பண்ணிட்டுதான் போகணும், "பாத்துக்கலாம்"னு வீட்டுல சொன்னா நம்பாதீங்க. ஹவுசிங் போர்டு மூணாவது மாடி, லிஃப்ட் இல்லன்னா கீழ் வீட்டுல இருக்குற சொந்தக்காரங்க வீட்டுல பத்து நாள் இருக்க முடியுமான்னு கேளுங்க. வயித்துல எடுத்தவங்க முதல் வாரம் நிமிந்தே நிக்க முடியாது, பாட்டி மாதிரி குனிஞ்சுதான் நடக்கணும், படுக்குறப்ப முதுகுக்கும் முட்டிக்குக் கீழயும் தலகாணி வேணும். தரையில பாய் போட்டுப் படுக்குற கதை நடக்காது, கட்டில் ஒண்ணு கடன் வாங்குங்க.

டிரெயின் டியூப் ரெண்டு மூணு தொங்கும், ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழ வர்ற வரைக்கும் பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க. முன்பக்கம் பட்டன் வச்ச நைட்டி நாலு தைச்சு வச்சுக்கங்க, உள்பக்கம் பாக்கெட்டோட.

அன்னைக்கு பீரியட்ஸ் வந்துட்டா?

ஒண்ணும் இல்ல, நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க. காய்ச்சல், சளி, இருமல் வந்தாதான் தள்ளி வைப்பாங்க, முன்னாடியே ஃபோன் பண்ணிடுங்க.

கல்யாணம் ஆகல. பொண்ணு பாக்க வர்றதுக்குள்ள முடிக்கச் சொல்லி வீட்டுல அவசரப்படுத்துறாங்க.

இந்தக் கேள்விக்கு எனக்குக் கோவம்தான் வருது, உங்க மேல இல்ல. கல்யாணத் தேதியை வச்சு ஆபரேஷன் தேதி பாக்காதீங்க. தோலு ரெடியாகாம பண்ணி, புண்ணு ஆறாம, திரும்ப தியேட்டருக்குப் போனா யாரு கூட வருவாங்க? வைக்கிறது உங்களுக்கு வேணும்னு தோணுனா வைங்க. வேணாம்னாலும் வேணாம்தான், துணியிலயோ சிலிக்கான்லயோ செஞ்சதை பிராவுக்குள்ள வச்சுக்கிட்டு ஜம்முனு இருக்குறவங்க எத்தனையோ பேரு, ஒண்ணுமே வைக்காம இருக்குறவங்களும் இருக்காங்க. எங்க வார்டுல ஒரு அக்கா டேட்டு வாங்கிட்டு முந்தின நாள் போயி வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டாங்க, டாக்டர் ஒரு வார்த்தை திட்டல.

வேலைக்கு எப்ப போகலாம்? ஸ்கூட்டி?

உக்காந்து பாக்குற வேலைன்னா நாலுல இருந்து ஆறு வாரம். தையல் மிஷின், கம்பெனியில பெட்டி தூக்குறது, மீன் கூடை சுமக்குறதுன்னா ரெண்டுல இருந்து மூணு மாசம். ஸ்கூட்டி, திடீர்னு பிரேக் புடிச்சா வலிக்காத அன்னைக்கு, அதுவும் டாக்டர் சரின்னு சொன்னப்புறம். டி.ஹெச். ரோட்டுல பள்ளம் இருக்கு, அதுக்கு இன்னும் ரெண்டு வாரம் சேத்துக்கங்க.

ஒரே ஆபரேஷன்ல முடிஞ்சுடுமா?

பெரும்பாலும் இல்ல. மூணுல இருந்து ஆறு மாசம் கழிச்சு வீக்கமெல்லாம் வத்துன பிறகு காம்பு செய்வாங்க, ரெண்டு பக்கமும் ஒத்து வரலன்னா அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சரி பண்ணுவாங்க, அப்புறம் கலருக்கு டாட்டூ. தொடு உணர்ச்சி பழைய மாதிரி வராது, எனக்கு ஓரத்துல மட்டும் லேசா இருக்கு. காம்புக்கு எனக்கு வர்ற மாசி மாசம் டேட்டு குடுத்திருக்காங்க, இந்தத் தடவ மாத்திரைச் சீட்டை ஃபைலோட முதல் பக்கத்துலயே குத்தி வச்சிருக்கேன்.